இரண்டேகாலுக்குத் திறக்கும்

மின்னசோட்டாவின் டுலூத் ஊரில் பார்க் பாயின்ட்காரர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டுதான் பார்க் பாயின்ட். போக வர ஒரே ஒரு தூக்குப் பாலம். இரும்புத்தாது ஏற்றும் கப்பல் வந்தால் பாலம் மேலே போய்விடும். காரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் தாமதமாகப் போனாலும் சரி, "பாலம் தூக்கிட்டாங்க" என்று சொன்னால் அங்கே யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அந்தப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் ஓரின் ஸ்லெட்டன். இது அவர் மனைவி வெர்னாவின் கதை. கணவர் ஊரை நிறுத்திவைத்துச் சம்பளம் வாங்கினார். மனைவியோ எதையும் ஒரு நிமிஷம்கூட மூடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். ஜோடிப் பொருத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வெர்னா செய்தது ஒரு ஃபிரேம்வொர்க். வீடு கட்டுகிறவருக்கு நிலை, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றையும் இழைத்துத் தயாராகக் கையில் கொடுத்தால் எப்படியோ, இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அது அப்படி. டில்லர் என்று பெயர் வைத்திருந்தாள். படகின் சுக்கான் பிடிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். நாற்பத்தொன்பதாவது வயதில் டெலிபோன் கம்பெனி அவளுக்கு ஒரு கேக்கும், மேஜையைக் காலி செய்ய ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பக்கத்து ஊர் நூலகத்துக்கு ஒரு தளம் கட்டிக் கொடுத்தாள். பிறகு அதைக் கட்டப் பயன்பட்ட நிலை, உத்தரங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக இணையத்தில் வைத்துவிட்டாள். பெரிய கம்பெனிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன ஊர் நூலகங்கள், பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கிளப்புகள், வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடத்தும் சர்ச்சுகள் என்று நானூறு சொச்சம் தளங்கள் அதன்மேல் நின்றன. யார் கேள்வி கேட்டாலும் ஒரு நாளைக்குள் பதில் போய்விடும். பன்னிரண்டு வருஷத்தில் இது ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவள் தங்கை இறந்த வாரத்திலும் தவறவில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

டில்லரில் இல்லாதது ஒன்றே ஒன்று. அதைப் பராமரிப்பு நிலை என்பார்கள். தளத்தில் பழுது பார்க்கும்போதோ புதுப் பதிப்பை ஏற்றும்போதோ, "வேலை நடக்கிறது, பிறகு வாருங்கள்" என்று ஒரே ஒரு பக்கத்தை வாசலில் மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் மூடிவைக்கும் வசதி. வேறு எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் இருக்கும். இதைக் கேட்டு வந்த கோரிக்கைக்கு டில்லரின் பட்டியலில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கேட்டவள் டெல்ஃபீன் ஒக்வான்.

டெல்ஃபீன் இருந்தது கனடாவில், கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகாம்ப் என்ற கடலோர ஊரில். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஊர்க்காரர்கள் முறை வைத்துக் கார் ஓட்டினார்கள். இன்றைக்கு யாரை யார் ஏற்றிக்கொள்வது என்று சொல்லும் தளத்தை டெல்ஃபீன் டில்லரில் கட்டியிருந்தாள். ஆறு வருஷமாக இருநூற்றுப் பன்னிரண்டை அவள் கேட்பதும், வெர்னா முடியாது என்று அந்தக் கோரிக்கையை மூடுவதுமாக இருந்தது. "தளத்தை மூடக் கூடாது. மூடாமல் வேலை பார்க்கும் வழியைச் சொல்லித் தருகிறேன்" என்று வெர்னா மூன்று பக்கத்துக்கு எழுதுவாள். நல்ல வழிதான். என்ன, அதைப் பின்பற்ற நான்கு பேரும் இரண்டு கம்ப்யூட்டரும் வேண்டும்.

ஓரினுக்கே இது பொறுக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் பாலத்தைத் தூக்கினேன். யாராவது என்னைத் திட்டினாங்களா?"

"திட்டினாங்க. அவ்வளவு உசரத்துல உனக்குக் காதுல விழல."

"திட்டிட்டு உக்காந்திருந்தாங்கல்ல? ஏன்னா கப்பல் போறது கண்ணுக்குத் தெரியுது. அது போனா பாலம் இறங்கிடும்னு தெரியும். நீயும் உன் ஆளுங்களுக்குக் கப்பலைக் காட்டேன், முதலாளியம்மா."

"காட்டிட்டு, பாலம் இறங்காமப் போனா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று ஓரினுக்குத் தெரியும். பாத்திரத்தைக் கழுவப் போனார்.

வெர்னாவின் அப்பா க்ளோக்கே என்ற சின்ன ஊரில் கடை வைத்திருந்தார். ஆணி, பெயின்ட், தூண்டில், உயிர்ப் புழு எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக் கதவில் மாட்ட அட்டையில் ஒரு கடிகாரம் உண்டு, "திரும்பி வரும் நேரம்" என்று மேலே எழுதியிருக்கும். சிவப்பு முட்களைக் கையால் திருப்பி வைக்கலாம். எழுபத்தொன்றாம் வருஷம் ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, அப்பா முட்களை இரண்டேகாலில் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது வயது வெர்னா கையில் ஆரஞ்சு சோடாவோடு படியில் உட்கார்ந்தாள். இரண்டேகால் ஆயிற்று, மூன்று ஆயிற்று. வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவளுக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்து போன அந்த நிமிஷம் பார்த்து அப்பா வந்துவிட்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு அம்மா வந்து கைப்பிடியைத் திருகினாள். கதவு திறந்துகொண்டது. அன்றைக்கு முழுக்க அது பூட்டியே இருக்கவில்லை. அட்டையைப் பார்த்து ஒருவர்கூடக் கைப்பிடியைத் தொடவில்லை, வெர்னா உட்பட.

அப்பா திரும்பி வரவில்லை. டெக்சஸில் வேறு குடும்பத்தோடு இருந்து செத்தார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். வெர்னா அழவில்லை. ஆனால் "சீக்கிரம் வருகிறோம்" என்ற பலகையை எங்கே பார்த்தாலும் அவள் கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிடுவாள். அப்படி ஒன்றைத் தன் கையால் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. டெல்ஃபீனுக்கு எழுதிய மூன்று பக்கத்திலும் இந்தக் காரணம் மட்டும் இல்லை.

அந்த வருஷம் மார்ச் மாதம் டெல்ஃபீன் மறுபடி எழுதினாள். புதுப் பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது தளம் திறந்தே இருந்ததாம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு டிரைவர் உள்ளே வந்து தன் பெயரைப் பதிந்திருக்கிறார். பதிந்தது காற்றோடு போயிற்று. மறுநாள் ஒரு பெண்மணிக்குக் கார் வரவில்லை. "யாரையும் குறை சொல்லவில்லை. திறந்திருக்கும் கதவும் சில சமயம் பொய் சொல்கிறது, அவ்வளவுதான்" என்று முடித்திருந்தாள்.

வெர்னா இரண்டு நாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாம் நாள் வேலையை ஆரம்பித்தாள்.

அவள் செய்த பராமரிப்பு நிலையில் வேறெங்கும் இல்லாத ஒரு கட்டாயம் இருந்தது. தளத்தை மூடு என்று கட்டளை கொடுத்தால், "எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?" என்று அது கேட்கும். பதில் சொல்லாதவரை மூடாது. சொன்ன நேரம் பலகையில் தெரியும். அந்த நேரம் வந்ததும், மூடியவர் மறந்தாலும் தூங்கினாலும் செத்தே போனாலும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். நேரம் சொல்லாமல் மூடவே முடியாது என்பதில் வெர்னாவுக்கு அத்தனை திருப்தி. ஓரினிடம் நான்கு தடவை செய்து காட்டினாள். அவரும் நான்கு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். நல்ல மனிதர்.

டில்லரில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதியதானாலும், இன்னொருவர் வரி வரியாகப் படித்துச் சரி என்று சொல்லாமல் உள்ளே போகாது. இதைப் படித்தவள் டெல்ஃபீன். "ஆறு வருஷம் காத்திருந்ததற்கு வட்டியோடு கிடைத்தது" என்று எழுதிச் சரி போட்டாள்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வெர்னா சமையலறையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஓரின் லெஃப்ஸே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது முப்பத்தைந்து. இரண்டு மணி நேரம் முந்தி ஓடும் ஷெட்டிகாம்பில் பதினொன்று முப்பத்தைந்து. இருநூற்றுப் பன்னிரண்டாம் கோரிக்கையின் கீழே டெல்ஃபீனின் செய்தி வந்து விழுந்தது.

"எட்டு மணிக்கு மூடினேன், பத்துக்குத் திறக்கச் சொல்லி. ஒன்பதுக்கே வேலை முடிந்தது. மீதியைக் கதவே பார்த்துக்கொள்ளும் என்று சர்ச்சில் இறைச்சி அப்பம் விற்கப் போய்விட்டேன். கதவு திறக்கவில்லை. இப்போதுதான் வீட்டுக்கு ஓடி வந்து கையால் திறந்தேன். மற்ற இரண்டு பேரை டிரைவர்கள் தாங்களாகவே போய் ஏற்றிக்கொண்டார்கள். லியோ கிழவர் மட்டும் இன்னும் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். பன்னிரண்டேகாலுக்கு அவர் முறை. கால் மணி தாண்டினால் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் செவ்வாய்க்கிழமைதான். அவர் இதயம் அதுவரை தாங்குமா தெரியாது. நானே காரை எடுக்கிறேன்."

லியோவைப் போய் ஏற்றவே பத்து நிமிஷம், அப்புறம் ஷெட்டிகாம்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிஷம். வெர்னா கணக்குப் போட்டாள். கணக்கு உதைத்தது.

தப்பைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டில்லருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகளை அதுதான் ஆரம்பித்து வைக்கும். தளம் மூடியிருக்கும்போது எந்த வேலையும் நடக்கக் கூடாது என்று வெர்னா அந்தக் கடிகாரத்தையே நிறுத்தியிருந்தாள். அது சரிதான். ஆனால் கதவைத் திற என்பதும் அந்தக் கடிகாரம் ஆரம்பித்து வைக்க வேண்டிய ஒரு வேலை. சோதனை செய்தபோதெல்லாம் அவளே நேரத்தை முன்னால் தள்ளிவைத்து அவளே அந்த வேலையைக் கையால் முடுக்கிவிட்டாள். அதனால் ஒவ்வொரு முறையும் சமர்த்தாகத் திறந்தது. நிஜமாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்க்கத் தோன்றவில்லை. டெல்ஃபீனுக்கும் தோன்றவில்லை. இவ்வளவு புத்திசாலிகள்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும்.

"என்னாச்சு?" என்றார் ஓரின்.

"நேரத்தைப் போட்டு ஒரு கிழவரை வாசல்ல உக்கார வெச்சுட்டேன் ஓரின்" என்றாள் வெர்னா. "எங்கப்பா செஞ்சதையே செஞ்சுட்டேன்."

டெல்ஃபீனோடு ஆறு வருஷப் பழக்கம். குரலைக் கேட்டதில்லை, போன் நம்பரும் தெரியாது. திறந்திருந்த அந்தத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதைக் கூப்பிட்டாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"டெல்ஃபீன் கார் ஓட்டுது. நான் லியோ பேசறேன். போலித்தோட மகன் லியோ."

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஷியாசான். அதனால் அப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும்.

"நான் வெர்னா. மின்னசோட்டாவுலேருந்து."

"அப்படி யாரும் எங்க லிஸ்ட்ல இல்லையே."

"மாமா, அந்த மூடின பக்கத்தை எழுதினது அவங்கதான். ஸ்பீக்கரைப் போடுங்க" என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. ஆறு வருஷமாக வெர்னா நினைத்து வைத்திருந்ததைவிட அது கட்டையான குரல். "வெர்னா, ரோட்டுல பனி. என்னால முடிஞ்ச வேகத்துல போறேன்."

"பத்து மணிக்குத் திறக்கும்னு எழுதினது நீதானாம்மா?" என்றார் லியோ.

"நான்தான்."

"திறக்கலையே."

"என் தப்புங்கய்யா. கதவைத் திறக்க வேண்டிய கடிகாரத்தை நானே நிறுத்தி வெச்சுட்டேன்."

"அது சகஜம். நான் ஒரு தடவை நங்கூரத்தை எடுக்காமலே எஞ்சினைப் போட்டேன். கரையில ஊரே நின்னு பாத்துச்சு."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"டெல்ஃபீன் நம்பர் அந்தப் பக்கத்துக்குள்ளதானே இருக்கு. மூடி வெச்சுட்டீங்களே." அவர் மூச்சு வாங்கினார். "பக்கத்து வீட்டு ஆர்மானைக் கூப்பிட்டிருக்கலாம். நேரம் ஒண்ணும் போடாம இருந்தா ஒன்பதுக்கே கூப்பிட்டிருப்பேன். பத்துன்னு போட்டிருந்துச்சு. சொன்னவங்க வருவாங்கன்னு கோட்டை மாட்டிட்டு உக்காந்துட்டேன். திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தேன், நூறு தடவை இருக்கும். எழுந்து ஆர்மான் வீட்டுக்குப் போன அந்த நிமிஷம் பாத்துத் திறந்துட்டா? அதான் நகரலை."

வெர்னா அப்போதுதான் அழுதாள். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒன்பது வயசுப் பெண் அழ வேண்டிய அழுகை அது.

"அழறியா?"

"ஆமா."

"கிட்னி கெட்டுப்போனது எனக்கு. நீ எதுக்கு அழறே?"

"அந்தப் படியில நானும் உக்காந்திருக்கேங்கய்யா" என்றாள் வெர்னா. எந்தப் படி என்று அவர் கேட்கவில்லை.

போனை வைக்க வேண்டாம் என்று டெல்ஃபீன் சொன்னாள். கார் ஓடும் சத்தத்தை வெர்னாவும் ஓரினும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். காபி ஆறியது. லியோ நடுவில் கொஞ்சம் தூங்கிப்போனார். பிறகு கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தமும், காலடியும், டெல்ஃபீன் யாரையோ கெஞ்சுவதும் கேட்டன. ஒரு நர்ஸ் சொன்னாள், "லியோவா? அவர் வராம இருக்க மாட்டாரேன்னுதான் இன்னும் மெஷினை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கோம். வாங்க, வாங்க."

"உள்ளே போயிட்டார்" என்றாள் டெல்ஃபீன். அப்புறம், "வெர்னா, நானும் படிச்சுட்டுத்தானே சரி போட்டேன்? தப்புல பாதி என்னுது. முழுசையும் நீயே எடுத்துக்காதே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா அதைத் திருத்தினாள். இனி கதவைத் திறக்கக் கடிகாரம் வேண்டாம். யார் வந்து பக்கத்தைக் கேட்டாலும், பலகையைக் காட்டுவதற்கு முன்னால் டில்லர் மணியைப் பார்க்கும். சொன்ன நேரம் தாண்டியிருந்தால், வந்தவருக்காகவே கதவு திறந்துவிடும். கைப்பிடியில் யார் கை வைத்தாலும் போதும். அதோடு, மூடுவதற்கு முன் அது இன்னொரு கேள்வியையும் கேட்டது: "சொன்ன நேரத்துக்குத் திறக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது?" ஒரு பெயரும் நம்பரும் கொடுத்தால்தான் மூடும். நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் இருந்த அநியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரம் சொன்னால் மனுஷர்கள் நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

டெல்ஃபீன் வரி வரியாகப் படித்தாள். சரி போடவில்லை. "நேரத்தைத் தள்ளிவைத்துச் சோதிக்காதே. நிஜமாக மூடு. கம்ப்யூட்டர் பக்கமே போகாதே. திறக்கிறதா பார்ப்போம்" என்று எழுதினாள்.

மூடிப் பார்க்க டில்லரின் சொந்தத் தளம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு நிமிஷம் மூடாத தளம். திங்கட்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு வெர்னா கட்டளையைக் கொடுத்தாள். எத்தனை மணிக்கு என்று கேட்டது. இரண்டேகால் என்று அடித்தாள். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டது. தன் பெயரையும் நம்பரையும் கொடுத்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஓரினோடு வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

குளிர். தூரத்தில் பாலம் மேலே போயிற்று. இந்தப் பக்கம் வர வேண்டிய கார்கள் வரிசையாக நின்றன.

"ஆயிரம் அடிக் கப்பல். இருபது நிமிஷம் ஆகும்" என்றார் ஓரின், பழைய உத்தியோகத் தோரணையில்.

நானூறு தளத்துக்காரர்களில் யாராவது இந்த நிமிஷம் வந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று வெர்னாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். ஓரின் அவள் கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். கப்பல் போயிற்று. பாலம் இறங்கியது. கார்கள் வந்தன.

போன் அடித்தது.

"போலித்தோட மகன் லியோ பேசறேன். நம்பர் அந்தப் பலகையிலேயே இருந்துச்சு. பெரிய எழுத்துல."

"சொல்லுங்கய்யா. திறக்கலையா?"

"எங்க ஊருல நாலேகால், உங்க ஊருல ரெண்டேகால். திறந்து பாத்தேன். திறந்திடுச்சும்மா."

"எவ்வளவு நேரமா உக்காந்திருந்தீங்க?"

"மூடினதுலேருந்து. நீ மூடப்போறேன்னு டெல்ஃபீன் சொல்லிச்சு. இன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரி கிடையாது. வாசல்ல ஒரு ஆள் உக்காந்திருந்தாத்தானே நீ திறந்தது யாருக்காவது தெரியும்?"

வெர்னா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் லியோ கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"அம்மா," என்றார், "இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் வெர்னா.